ஒரு காதில் பாட்டு

ஐந்தருவி போகும் வழியில், சாரல் நனைக்கும் தார்ப்பாய்க்கடியில் ஆவுடைத்தாய் நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்துக்கொண்டிருக்கிறாள். அவளது ஒரு காதில் உமாசங்கரின் இயர்போன். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவன் அவன். போன சீசனில் இதே சட்டியின் சலசலப்பைப் போனில் பதிந்துகொண்டு போய், இன்னும் யாருக்கும் போட்டுக்காட்டாத புதுப்பாட்டில் தாளமாக வைத்திருக்கிறான். அதைச் சொல்லாமல், கண்டுபிடிக்கிறாளா என்று அவள் முகத்தையே பார்க்கிறான். சலசலப்பு அடங்கினால் காய் வெந்துவிட்டது என்பது அவள் கணக்கு. பாட்டில் அது அடங்குகிறது. அவள் கை தானாக ஜல்லிக்கரண்டியால் சட்டியில் கிடப்பதை அள்ளிவிடுகிறது. வேகாத துண்டுகள் வெளுத்துத் துவள்கின்றன. அவற்றையும் அவனையும் மாறிமாறிப் பார்க்கிறாள். “ஏலே, இது எஞ்சட்டிச் சத்தமில்லா?” வாங்க ஆள் நிற்கும்போதே அடுப்பை அணைக்கிறாள். “மத்தக் காதுக்கும் குடு.”