எல்லாரும் பெயில்

"எம் மவன ரெண்டாந் தடவையும் பெயிலாக்கிட்டீங்களே, நீங்கல்லாம் ஒரு வாத்தியாரா?"

பள்ளிக்கூட வாசலில் நின்று கத்தினாள் முத்தாயி. ரப்பர் மரம் சீவிய கையோடு நேரே வந்திருந்தாள். பால் வாளியைக்கூட இறக்கி வைக்கவில்லை.

பெரிய வாத்தியார் அமிர்தலிங்கம் தலையை நிமிர்த்தினால்தானே! "அவனுக்குப் படிப்பு ஏறல, முத்தாயி" என்றார் எழுதிக்கொண்டே.

"ஏறலையா? லயத்து வீடுகள்ல அத்தனை பேரோட அரிசிச் சீட்டையும் எம் மவன்தான் படிச்சுச் சொல்றான். வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் தண்ணி பட்ட பாடு. அவனுக்கா ஏறல?"

பின் பெஞ்சில் வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அவனோடு சேர்த்து ஆறாங் கிளாசில் எட்டுப் பேர். எல்லாருக்கும் அரும்பு மீசை. முழங்கால் பெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் பெயில்!

முத்தாயிக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? சயாமில் ரயில் ரோடு போட ஜப்பான்காரன் அவள் புருஷனை லாரியில் அள்ளிக்கொண்டு போய் ஏழு மாசம். உயிரோடு இருக்கிறானா, அதுவே தெரியாது. போன வாரம் மம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் மறுபடி ஆள் பிடித்தார்களாம். வீரமுத்துவுக்குப் பதினாறு ஆகிவிட்டது.

ஆறாங் கிளாஸ் பாசான சர்ட்டிபிகேட் இருந்தால் ஆபீஸ் வேலை கிடைக்கும், ஆபீஸ் பையனை ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடிக்க மாட்டான் என்று லயம் முழுக்கப் பேச்சு. ஒரு துண்டுக் காகிதம், அதைத் தர இந்த மனுஷனுக்கு மனசு வரவில்லையே!

"உங்க மவன் அர்ச்சுனன் மட்டும் ஒரே தடவையில பாசு. சிரம்பான் ஆபீசுல சொகுசா உக்காந்திருக்கான். ஊரான் பிள்ளைன்னா மக்கா?"

எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

அந்த நேரம் பார்த்து செம்மண் சடக்கில் லாரிச் சத்தம்.

ஜப்பான் அதிகாரி ஒருவன் இறங்கி வந்தான். கூடவே தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. பிள்ளைகள் எழுந்து இடுப்பு வரை குனிந்தார்கள். முத்தாயியும் குனிந்தாள். குனியாவிட்டால் அறை விழும்.

"பாசானவங்க லிஸ்ட்டு கேக்கிறாரு" என்றார் கிராணி.

"இல்லீங்க."

"என்னது, லிஸ்ட்டு எழுதலையா?"

"எழுத ஆள் இல்லீங்க. எல்லாரும் பெயில்."

கிராணி அதை ஜப்பான் பாஷையில் சொல்லி முடிக்கவில்லை, பளார் என்று விழுந்தது ஓர் அறை. வாத்தியாரின் மூக்குக் கண்ணாடி தெறித்துச் சுவரோரம் விழுந்தது.

"நீ நடத்துறது பள்ளிக்கூடமா, மாட்டுக் கொட்டாயான்னு கேக்கிறாரு."

"பாடம் சொல்லிக் குடுக்கத் தெரியாத வாத்தியார்னு சொல்லுங்க" என்றார் அமிர்தலிங்கம், விறைப்பாக நின்றுகொண்டே. இன்னோர் அறை விழுந்தது. அப்போதும் அவர் நகரவில்லை.

இதுதான் சமயம் என்று முத்தாயி உள்ளே புகுந்தாள். "கிராணி ஐயா! எம் மவன் நல்லாப் படிப்பான். இவருதான் வேணும்னே பெயிலாக்குறாரு. நீங்களே கேட்டுப் பாருங்க!"

இரண்டு அறைக்கும் அசையாத வாத்தியார், இப்போது ஆடிப்போனார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

வீரமுத்துவை எழுப்பி நிறுத்தினார்கள்.

"ஏழெட்டு எவ்வளவுடா?" என்றார் கிராணி.

வீரமுத்து வாத்தியாரைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"நாப்பத்திரண்டு."

"ஆறெட்டு?"

"அதுவும் நாப்பத்திரண்டுங்க."

சின்னப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரி தூவென்று துப்பிவிட்டு, கிராணியையும் ஏற்றிக்கொண்டு லாரியில் போய்விட்டான்.

முத்தாயிக்கு மானமே போயிற்று. மகன் முதுகில் ஒன்று வைத்தாள். "பாவி! வாய்க்கு வந்ததைச் சொல்லி இப்படிக் கெடுத்துட்டியேடா!"

பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினாள். "விட மாட்டேன். இப்பவே சிரம்பானுக்கு நடந்தே போறேன். உங்க மவன் அர்ச்சுனன்கிட்டயே நியாயம் கேக்கிறேன். அவனாவது மனுஷனா இருக்கானான்னு பார்ப்போம்."

"போகாதே, முத்தாயி."

"ஏன், பயமா இருக்கா?"

வாத்தியார் குனிந்து கண்ணாடியை எடுத்தார். ஒரு பக்கச் சில்லு உடைந்திருந்தது.

"அவன் அங்க இல்ல."

"பின்னே?"

"சர்ட்டிபிகேட்டோட ஆபீஸ் வாசல்ல போய் நின்ன அன்னிக்கே, சயாமுக்கு ரயில் ஏத்திட்டானுக. ஸ்டேஷன்ல பார்த்த ஆள் வந்து சொன்னான். பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல பேர் இருக்கிற வரைக்கும்தான் பிள்ளைக் கணக்கு. பாசாயிட்டா ஆம்பளைக் கணக்கு. இவனுக ஆள் எடுக்கிறதே அந்த லிஸ்ட்டை வச்சுத்தான்."

முத்தாயி மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாத்தியார் முன்னாடியே சொல்லி வச்சபடிதாம்மா தப்பாச் சொன்னேன்" என்றான் வீரமுத்து.

"இதை ஏன் எங்ககிட்டச் சொல்லல?" அவள் குரல் இறங்கிவிட்டது.

"லயத்துல சொன்னா விடியறதுக்குள்ள ஆள் மேய்க்கிற மண்டோர் மூலமா ஜப்பான்காரனுக்குப் போயிடும். அப்புறம் இந்த எட்டுப் பேரும் இங்க உக்காந்திருப்பாங்களா?" வாத்தியார் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, உடைந்த கண்ணாடியை மறுபடி மாட்டினார். "அந்த லிஸ்ட்டுல முதப் பேரை என் கையால நானே எழுதுனேன், முத்தாயி. கழுத்தே போனாலும் ரெண்டாவது பேரை எழுத மாட்டேன்."