முன்னோக்கி நட்டவள்

“லம்துவன்! நடவு நடும்போது யாராவது முன்னால போவாங்களாடி? நட்ட நாத்தை நீயே மிதிச்சுக்கிட்டுப் போறியே!”

வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த காம்பாய் கத்தினாள். வீட்டை ஒட்டிய வயலில், முழங்கால் சேற்றில் குனிந்திருந்த தங்கை லம்துவன் நிமிரவே இல்லை.

“பின்னால போனா எங்க போறோம்னு எப்படிக்கா தெரியும்?”

வரப்பில் நின்ற பக்கத்து வயல்காரர் தொங்சுக் விழுந்து விழுந்து சிரித்தார்.

“நாப்பது வருஷம் பாங்காக் பஸ்ல கண்டக்டர். ‘முன்னால போ, முன்னால போ’ன்னு கத்தியே பழகிட்டா. வயல்ல மட்டும் பின்னால போவாளா?”

“சிரிங்கண்ணே, நல்லா சிரிங்க. அறுப்பு நேரத்துல வந்து பாருங்க. இந்த ஊர்லயே என் வயல்தான் முதல்ல நிக்கும்!”

ஓய்வு பெற்று ஊர் திரும்பிய அன்றே லம்துவன் அறிவித்துவிட்டாள். அப்பா விட்டுப்போன வயல்களையெல்லாம் இந்த வருஷம் அவளே நடுவாளாம். மெஷினும் வேண்டாம், கூலியாளும் வேண்டாம். பதினெட்டு வயது வரை இதே சேற்றில் வளர்ந்தவள்தானே என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

காம்பாயின் மகள் ரத்ரிக்குத்தான் எரிச்சல். அவளுக்கு ஏற்கெனவே ஒரு கவலை இருந்தது. வழுக்கி விழுந்து அம்மாவுக்குக் காலெலும்பு முறிந்து, இப்போது கூடியும்விட்டது. ‘தினமும் நடக்கணும். இப்படியே உக்காந்திருந்தா அப்புறம் எழுந்திருக்கவே முடியாது’ என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அம்மா கேட்டால்தானே? “நடந்து நான் எந்த ஊரைப் பிடிக்கப்போறேன்?” என்பாள். படியைத் தாண்டி ஓர் அடி வைக்கமாட்டாள்.

அந்த அம்மாதான் இப்போது ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வரப்புவரை வந்துவிட்டாள்.

“திரும்புடி! பின்பக்கமா நகரு. அப்பா இருந்திருந்தா முதுகுத் தோலை உரிச்சிருப்பாரு!”

“சரிக்கா, சரிக்கா. இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

மறுநாள் லம்துவன் அடுத்த வயலுக்குப் போனாள். ஒரு குத்துக்கு மூன்று நாலு நாற்று வைக்கவேண்டிய இடத்தில் கைநிறைய அள்ளிச் செருகினாள். தொங்சுக் ஓடிப்போய்ச் சொன்னார். காம்பாய் இரண்டு வரப்பு தாண்டி வந்து திட்டினாள்.

அதற்கடுத்த நாள் இன்னும் தள்ளியிருந்த வயல். நாற்றின் நுனியைக் கிள்ளாமலே நட்டாள். அடித்த காற்றில் எல்லாம் தலைசாய்ந்து கிடந்தது. காம்பாய் அங்கேயும் வந்தாள். பாதி வழியில் ஊன்றுகோலை ஆட்டிக்கொண்டே திட்ட ஆரம்பித்துவிட்டாள்.

“நீ கண்டக்டரா இருந்த பஸ்ஸு எப்படி ஊர் போய்ச் சேந்துச்சுடி?”

“நானா ஓட்டினேன்? அதுக்கு டிரைவர் இருந்தாரு!”

அம்மா நொண்டிக்கொண்டே வீடு திரும்புவதை ரத்ரி பார்த்தாள். ஒட்டரிசிச் சோறும் சுட்ட மீனும் எடுத்துக்கொண்டு, சித்தியை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றே வயலுக்கு வந்தாள்.

“உங்க வீம்புக்கு எங்கம்மா இந்தக் காலோட வெயில்ல அலையணுமா? விழுந்துட்டா...”

சொல்லிக்கொண்டே வந்தவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

லம்துவன் சாய்ந்து கிடந்த நாற்றையெல்லாம் பிடுங்கியிருந்தாள். நுனி கிள்ளி, திரும்ப நட்டுக்கொண்டிருந்தாள். பின்பக்கமாகத்தான் நகர்ந்தாள். குத்துக்கு மூன்று, நாலு. கை போவதும் வருவதும் தெரியவில்லை. வரிசை நூல் பிடித்ததுபோல நின்றது.

“சித்தி!”

“கத்தாதே. உங்கம்மா திரும்பிப் பாத்துடப்போறா.”

“உங்களுக்கு எல்லாம் தெரியுமா?”

“சேத்துல பிறந்தவடி நான். மறக்குமா?” லம்துவன் கரையேறி மீனைப் பிய்த்தாள். “டாக்டர் சொல்லி நடந்தாளா? நீ அழுது நடந்தாளா? கோவம் வந்தா மட்டும் எங்கக்கா உக்காரமாட்டா. சின்ன வயசுலேருந்து பாக்கறேனே. நாளைக்குக் குளத்தோரம் நடப்போறேன். இருக்கறதுலயே தூரமான வயல். இந்தப் போகம் முடியறதுக்குள்ள சந்தைக்கே நடக்க வச்சிடறேன் பாரு!”

ரத்ரிக்குக் கண் கலங்கியது. மூச்சு விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

காம்பாய் படியில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு எங்க நடறாளாம்?”

“குளத்தோரம்.”

“அம்மாடி! அவ்வளவு தூரமா?”

ரத்ரி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள். “சித்திக்குச் சுத்தமா மறந்துபோச்சும்மா. நீ போகலேன்னா வயலே பாழாயிடும்.”

காம்பாய் சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

“யாருக்கு மறந்துபோச்சு? லம்துவனுக்கா? பத்து வயசுல எங்க எல்லாரையும் முந்திக்கிட்டு நட்டவடி அவ! நான் திட்டிட்டு வந்த மறுநாள் பாத்தா, அத்தனை வரிசையும் நேரா நிக்குது. எனக்குக் காலுதானே போச்சு, கண்ணு நல்லாத்தானே தெரியுது?”

“எல்லாம் தெரிஞ்சுமா இந்த வலியோட போய்ப்போய்த் திட்டற?”

காம்பாய் தைலப் புட்டியை மூடினாள்.

“இந்த வயசுல எனக்காக ஒரே வயலை ரெண்டு ரெண்டு தடவை நட்டுக்கிட்டிருக்கா. அவளுக்காக நான் ஒரு தடவை அங்கவரைக்கும் போய்த் திட்டிட்டு வரக்கூடாதா?”