வீட்டை ஓட்டுகிறவள்

கட்டிலும் அடுப்பும் குளியலறையுமாக ஒரு முழு வீடே நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறது, ஸ்டியரிங்கில் அவள். காலை வெயில் கண்ணாடி வழியே சரிந்து அவள் வளையலில் மின்னுகிறது. பின்னால் அலமாரிக்குள் தட்டுகள் கிணுகிணுக்கின்றன. நாத்தனார் ஊருக்குப் பிரியும் சாலை நெருங்குகிறது. இப்போதே ஓரத் தடத்துக்கு மாறியாக வேண்டும். இண்டிகேட்டர் டிக் டிக்கென்று துடிக்கிறது. "காலியாத்தான் இருக்கு, போ, போ!" என்று பக்கத்து இருக்கையில் கணவன், அங்கே இல்லாத ஆக்ஸிலேட்டரைக் காலால் மிதிக்கிறான். "கொஞ்சம் சும்மா இருங்க," என்கிறாள், பக்கக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடிக்கிறது. அடித்துக்கொள்ளட்டும். கண்ணாடிக்குத் தட்டுப்படாத மூலையிலிருந்து திடீரென்று ஒரு பைக் முளைத்து, சிவப்பு ஹெல்மெட் பளபளக்க, அவள் போகவிருந்த இடத்தின் வழியாகவே சீறிக்கொண்டு போகிறது. கணவனின் கால் தானாக மடங்குகிறது. அவள் முன்னால் போகும் லாரிக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டு, இன்னொரு முறை பார்த்து, தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுவதுபோல அத்தனை பெரிய வண்டியை அடுத்த தடத்துக்கு மாற்றுகிறாள். தட்டுகள்கூட சத்தம் போடவில்லை.

போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் நாத்தனார்: "அண்ணா, அவ்வளவு பெரிய வண்டியை நீயா ஓட்டிட்டு வர்றே?"

கணவன் நிமிர்ந்து உட்கார்கிறான். "குடும்பத்தையே உன் அண்ணிதான் ஓட்டுறா. வீட்டை மட்டும் என்கிட்டயா குடுப்பா?"