இருபத்தெட்டாவது வளைவு

"முன் சக்கரம் ரெண்டைக் கழட்டினாப் போதுமேண்ணா, எதுக்கு நாலையும்?" என்று கேட்டான் சதீஷ்குமார்.

"பிரேக்குன்னா நாலையும் பாத்துடணுமுங்க தம்பி" என்றார் மெக்கானிக் சின்னுசாமி. கழற்றிய சக்கரங்களை ஒவ்வொன்றாக உருட்டிப் போய்ப் பட்டறையின் உள்ளறையில் வைத்துவிட்டு வந்தார்.

கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் பிரேக் தீய்ந்துபோகிற வண்டிகளுக்கு அவரை விட்டால் கதியில்லை. சதீஷ்குமார் சேலத்துக்காரன். ஆபீசுக்குப் போகிற அதே காரை வரும் ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கப் பெயர் கொடுத்திருந்தான். ஆசை யாரை விட்டது!

ஆனால் உள்ளுக்குள் உதறல். போன தடவை இதே மலையில் பயிற்சிக்கு வந்தபோது பிரேக் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து தூக்கத்தில்கூட வலது கால் எதையோ மிதித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை அப்படி ஆனால் உயிரோடு திரும்ப மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு பிரேக் பேடு பெட்டிகளை எடுத்து நீட்டினான். "இது ரேஸ் பேடு. இது ரோட்டுக்கும் டிராக்குக்கும் பொதுவானது. ரேஸ் பேடே போட்டுடலாமாண்ணா?"

"ரேஸ் பேடு சூடேறுனாத்தான் புடிக்குமுங்க. காலங்காத்தால குளுருல மொத வளைவுல மிதிச்சீங்கன்னா வண்டி பாட்டுக்குப் போயிட்டே இருக்கும்" என்றபடி சின்னுசாமி பழைய பேடைப் பிரித்து எடுத்தார். அது கருகிப் பளபளவென்று இருந்தது. "எந்த இடத்துலீங்க புடிக்கல?"

"இறங்குறப்போ. இருபத்தெட்டாவது வளைவு."

"ஓரமாச் சின்னதா ஒரு கோயில் இருக்குமே, அதுங்களா?"

"அதேதான்."

"எப்பங்க?"

"அது எதுக்குண்ணா?"

"பனி நாளா, வெயில் நாளான்னு தெரியோணுமுங்க. பேடு எவ்வளவு சூடாச்சுன்னு அதை வெச்சுத்தான் சொல்ல முடியும்."

மனுஷன் டாக்டர் மாதிரி கேட்கிறாரே என்று சதீஷுக்கு மரியாதை கூடிவிட்டது. "பொங்கல் முடிஞ்சு மொத ஞாயிறு. காலைல ஆறரை இருக்கும். ஒரே பனி."

சின்னுசாமி கையிலிருந்த பேடைக் கீழே வைத்தார். பிறகு, "பெடல் உள்ள போச்சுங்களா, கெட்டியா நின்னுச்சுங்களா?" என்றார்.

"கெட்டியாத்தான் இருந்துச்சு. ஏறி மிதிச்சும் வண்டி நிக்கல."

"அப்படின்னா பிரேக் ஆயில்ல தப்பில்லீங்க. நாப்பது வளைவு மிதிச்சுட்டே வந்த சூட்டுல பேடு தீஞ்சு போச்சு. ரெண்டுக்கும் பொதுவானதே போடறேன். மலைக்கும் புடிக்கும், டிராக்குலயும் ஏமாத்தாது."

அதைத்தான் போட்டார். அவசரமே இல்லை. பிரேக் டிஸ்க்கை இரண்டு தடவை துடைத்தார், போல்ட் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப முறுக்கிப் பார்த்தார். சொந்த வண்டிக்குக்கூட யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். கடைசியில் சக்கரங்களை மாட்டாமலே காருக்குள் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"இனி நிக்குமுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

சதீஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க தம்பி" என்றார் சின்னுசாமி. "அன்னைக்கு எப்படித்தான் நிறுத்துனீங்க?"

"எங்க நிறுத்துனேன்?" சதீஷ் சிரித்தான். பல மாதம் கழித்து வந்த சிரிப்பு. "குறுக்க ஒரு மாடு வந்துச்சு. அதுல இடிச்சு வேகம் கொறஞ்சுது. பம்பர் போச்சு. அப்புறம் கியரைக் கொறைச்சு அப்படியே இறங்கிட்டேன்."

"எறங்கிப் பாக்கலீங்களா?"

"அந்தப் பனியில என்னத்தைண்ணா பாக்கறது? எந்திரிச்சுப் போயிருக்கும்."

சின்னுசாமி குனிந்தார். கழற்றிப் போட்ட பழைய பேடுகளைப் பொறுக்கி, ஒன்றுவிடாமல் ஒரு துணியில் வைத்து முடிச்சுப் போட்டார். முடிச்சு விழவில்லை. மறுபடி போட்டார்.

"என்னண்ணா, அப்படிப் பாக்கறீங்க?"

"அது மாடில்லீங்க தம்பி... எங்கூட்டுக்காரி."