நீல வாளி ரோஜா

ஒரு கையில் கைபேசி. மறு கையில் செடி. மாற்றி மாற்றிப் பார்த்தார்.

இதுவும் இல்லை.

இது ஆறாவது செடி.

படத்தில் இருந்த பன்னீர் ரோஜாவுக்கு இடப்பக்கக் கிளை நெட்டை, வலப்பக்கக் கிளை குட்டை. இந்த நர்சரியில் இருந்ததெல்லாம் பள்ளிக்கூடத்து வரிசை போல ஒரே உயரம். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். யார் அவரை வலியப் போய்த் தலையாட்டச் சொன்னது?

மகள் பிரசவத்துக்காகப் புனேவுக்குக் கிளம்பும்போது, மாடி வீட்டு மங்கையர்க்கரசி டீச்சர் பன்னிரண்டு செடிகளை அவரிடம் ஒப்படைத்தார். பதினொன்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீல பெயிண்ட் வாளியில் இருந்த ரோஜாவை மட்டும் தொட்டுக் காட்டினார்.

"இது எங்க வீட்டுக்காரர் கையால வச்சது சார். கண்ண மூடுறதுக்கு முந்தின வாரம் வச்சாரு."

அதோடு ஓர் உத்தரவு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சொம்புத் தண்ணீர்.

அவர் காலையில் இரண்டு சொம்பு ஊற்றினார். மாலையில் இரண்டு சொம்பு ஊற்றினார். அடுத்தவர் செடியாயிற்றே, குறை வைக்கலாமா?

வேர் அழுகிவிட்டது.

நேற்று லேசாக இழுத்துப் பார்த்தார். கையோடு வந்துவிட்டது.

டீச்சர் நாளைக்கு வருகிறார்.

மூன்று மாதமாகத் தினமும் போன். பேத்தி பிறந்த சேதியைக்கூட ரோஜாவை விசாரித்த பிறகுதான் சொன்னார். இவரும் "ஜம்முனு இருக்கு" என்று சொல்லித் தொலைத்திருந்தார்.

நர்சரிக்காரி பாக்கியம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். செம்பருத்தி எடுங்க என்றாள். அடுக்குமல்லி எடுங்க என்றாள். ஒரு ரோஜாவுக்குப் போய் இப்படிப் பெண் பார்ப்பீர்களா என்றாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசாமல் கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீல வாளியா?" என்றாள்.

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பச்சை வலைக்கு அடியில் போய் ஒரு ரோஜாவைத் தூக்கி வந்தாள். இடுப்பில் செருகியிருந்த கத்தரியை உருவினாள். வலப்பக்கக் கிளையில் இரண்டு கணு விட்டு நறுக்கினாள். இடப்பக்கக் கிளையைத் தொடவில்லை. அடியில் இருந்த தளிரைக் கிள்ளி எறிந்தாள்.

படத்தை மறுபடி பார்க்கவே இல்லை.

கத்தரியைத் திரும்பச் செருகியபோது அவர் முன்னால் டீச்சரின் ரோஜா நின்றது. அச்சு அசல்.

"மூணு வருசமா இதே வெட்டுத்தான சார். இதோட அஞ்சாவது." அவள் குரலில் அலுப்புத் தட்டியது. "டீச்சரம்மாவும் தண்ணிய ஊத்தி ஊத்தியேதான் கொல்லுறாங்க. யார்ட்டயும் சொல்லாதன்னுட்டுப் போவாங்க. நீங்களும் சொல்லிக்கிடாதீங்க."

அவர் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. டீச்சர்தான்.

"ரோஜா எப்படி இருக்கு சார்?"

வாயில் வந்த "ஜம்முனு" அப்படியே நின்றுபோனது.

"உங்க சார் வச்சபடியே இருக்கு டீச்சர்."

சரி சார் என்று மட்டும் சொல்லிவிட்டு டீச்சர் போனை வைத்துவிட்டார்.

பாக்கியம் செடியின் தூரில் ஈரச் சாக்கைச் சுற்றத் தொடங்கினாள்.

"இன்னொண்ணு வெட்டும்மா," என்றார் எரிச்சலாக. "இதே மாதிரி. அது அடுத்த தடவைக்கு எங்க வீட்டுல இருக்கட்டும்."