ஒரு வாய்த் தண்ணீர்

அங்கம்மாளின் விலாவில் செருகியிருந்த குழாய் வழியாகப் பித்தநீர் பைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. மருமகள் பஞ்சாலை, பையைத் திறந்து, பச்சையாய்க் கிடந்ததை வாளியில் ஊற்றினாள். நாற்றம் அறை முழுவதும் பரவியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்று மாதமாகத் தினமும் இரண்டு வேளை இதே வேலைதான்.

ரப்பர் தோட்டத்து மருந்தகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த டிரெசர் சின்னையா, குழாயைச் சுற்றியிருந்த புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டார்.

"நாக்கு வறண்டு கெடக்கு. தண்ணி குடும்மா."

பஞ்சாலை அசையவில்லை.

"என்னாம்மா, அருவருப்பா இருக்கா? பெத்த தாயின்னா இப்படி நிப்பியா?"

அவள் தலை குனிந்துகொண்டாள். டிரெசருக்கு வெறுத்துப்போனது. அவரே குவளையை எடுத்துக் கிழவியின் வாயில் வைத்தார். அவள் ஆவலோடு குடித்தாள்.

"அவள ஏசாதீங்க தம்பி. நான்தான் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து குடுக்கும்லா."

"ஏன்?"

"இவ சாவுக்குத் தப்பு மேளம் அடிக்கிறவன் மக. என் மகன் சாதி கெட்டுக் கட்டிக்கிட்டு வந்தான். பன்னண்டு வருசமா இவ கையால பச்சத் தண்ணி குடிச்சதில்ல. நெனச்சாலே கொமட்டுது."

சொல்லிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தாள். டிரெசர் இன்னொரு வாய் ஊற்றினார்.

"எங்க அப்பாவும் தம்பின் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்துல தப்பு அடிச்சவருதாம்மா," என்றார்.

அங்கம்மாள் வாயிலிருந்த தண்ணீரைத் தரையில் துப்பினாள். பிறகு விரலைத் தொண்டைக்குள் விட்டு, குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தாள்.

அதையும் பஞ்சாலைதான் துடைத்தாள்.