கணக்கெடுப்புக்கு முன்னால்

"கணக்கெடுக்க வர்றதுக்குள்ள அந்த ஆளைக் காலி பண்ண வெச்சிடும்மா" என்றாள் மகள் ஃபோனில். "வாடகைக்கு ஆள் இருந்தா உனக்கு நஷ்டஈடு குறைஞ்சிடும்."

லாய்ஃபொங்குக்கும் அது தெரியும். ஷாம் ஷுய் போ வட்டாரத்தில் அவள் வீடு இருக்கும் பழைய கட்டடத்தை அரசு இடிக்கப் போகிறது. கணக்கெடுப்பு அன்று குடியிருக்கும் வாடகைக்காரருக்கு அரசு வீடு உண்டு.

அவள் வீட்டின் தடுப்பறையில் ஒன்பது வருஷமாக இருப்பவன் மாக். மார்க்கெட் மீன்கடையில் வேலை. தனி ஆள்.

"மாக், உன் துணியில அடிக்கிற கவுச்சி எனக்கு ஆகலை. மூச்சு முட்டுது. டாக்டரும் சொல்லிட்டார். வேற இடம் பார்த்துக்கோப்பா."

"இத்தனை வருஷம் ஆச்சே அக்கா?"

"இப்ப ஆகலைங்கிறேன்ல!"

"சரிக்கா."

மறுநாளே போய்விட்டான். 'பாவம், சட்டம் தெரியாத ஆள்' என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அதிகாரிகள் வந்தார்கள். எதிர்வீட்டு யிப் அம்மாள் சும்மா இருக்கவில்லை.

"இங்க ஒரு மீன்கடைக்காரர் இருந்தாரே, திடீர்னு எங்க போனார்?"

அதிகாரிகள் நேரே மார்க்கெட்டுக்கு நடந்தார்கள். லாய்ஃபொங் பதறிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"அந்த வீட்ல வாடகைக்கு இருந்தீங்களா? பயப்படாம சொல்லுங்க. துரத்தியிருந்தா அதுக்கும் வழியிருக்கு. அரசு வீட்டுக்கு எழுதறோம்."

மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்த மாக் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"வாடகையா? அக்கா முறை சார் அவங்க. சும்மா வந்து தங்குவேன், அவ்வளவுதான்."

அவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

"மாக்… உனக்கு வீடு கிடைச்சிருக்குமே. தெரியாதா?"

"தெரியும்க்கா. போன மாசமே விசாரிச்சுட்டேன்."

"இப்ப எங்க படுக்கிறே?"

"இங்கதான், பலகை போட்டு. எனக்கு இது போதும். பணம் குறைஞ்சா இந்த வயசுல நீங்க எங்க போய் அலைவீங்க?"



"உண்மையைச் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்க்கா" என்றான் மாக், மீனைத் திருப்பிப் போட்டபடி.

அதிகாரிகள் தெருமுனையில் சிக்னலுக்காகத்தான் நின்றிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

பச்சை விளக்கு விழுந்தது. அவர்கள் தெருவைக் கடந்து மறையும்வரை லாய்ஃபொங் வாயே திறக்கவில்லை.